வீட்டில் கலக்கும் துப்பாக்கிக் கரைசல்: வாசகர் கேள்வி – பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருக்கும் வாசகர்கள் அனுப்பிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். வீட்டில் ஆயுதம் இருக்கிறது என்பது ஊரறியப் பரவ வேண்டிய செய்தி அன்று என்பதால், பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம். ராணுவத்தில் ஆயுதப் பழுதுபார்ப்புப் பணியில் இருந்தபோது கையால் செய்து பார்த்தவற்றையே இங்கே சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் ஓய்வுபெற்ற ராணுவ வீரன். உரிமத்துடன் ஒரு .32 பிஸ்டல் வைத்திருக்கிறேன். துப்பாக்கி துடைப்பதற்கென்றே விற்கும் எண்ணெய் எங்கள் பக்கம் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் சிறு புட்டிக்கே விலை அதிகம். நான்கு பொருள்களைச் சம அளவில் கலந்து வீட்டிலேயே கரைசல் செய்யலாம் என்று உடன் பணியாற்றிய நண்பர் ஒருவர் சொல்கிறார். இதை நம்பலாமா? எப்படிக் கலப்பது, எப்படிப் பயன்படுத்துவது?
— வாசகர், பாலக்கோடு

பதில்: நம்பலாம். தங்கள் நண்பர் சொல்வது துப்பாக்கி வைத்திருப்போரிடையே பல ஆண்டுகளாகப் புழங்கி வரும் கலவைதான். அமெரிக்க ராணுவத்தின் பிராங்க்போர்டு ஆயுதச் சாலையில் முற்காலத்தில் அசிட்டோன், டர்பன்டைன், மண்ணெண்ணெய், திமிங்கில எண்ணெய் ஆகிய நான்கையும் சமமாகக் கலந்து குழல் கழுவினார்கள். திமிங்கில வேட்டைக்குத் தடை வந்து அந்த எண்ணெய் கிடைக்காமற்போன பிறகு, எட் ஹாரிஸ் என்ற அமெரிக்கர் அதனிடத்தில் கார்களின் ஆட்டோமேட்டிக் கியர்பெட்டியில் ஊற்றும் சிவப்பு எண்ணெயைச் சேர்த்தார். அந்த நிறத்தாலேயே கலவைக்கு 'எட்ஸ் ரெட்' என்று பெயர் நிலைத்துவிட்டது.

ஏ.டி.எஃப். எனப்படும் அந்தச் சிவப்பு எண்ணெய், மினரல் டர்பன்டைன், வெள்ளை மண்ணெண்ணெய், அசிட்டோன் ஆகியவை ஒவ்வொன்றும் ஒரு பங்கு. ஒவ்வொன்றிலும் 100 மி.லி. எடுத்தால் 400 மி.லி. கிடைக்கும், ஒரே ஒரு கைத்துப்பாக்கி வைத்திருப்பவருக்கு அது நெடுநாள் வரும். அசிட்டோன் தோட்டா மருந்து எரிந்து பிசினாக ஒட்டிய படிவத்தை இளக்கிவிட்டுத் தான் ஆவியாகிப் போகும். டர்பன்டைன் பழைய கிரீசையும் மெழுகையும் கரைக்கும். மண்ணெண்ணெய் இடுக்குகளுக்குள் ஊடுருவிக் கரியை வெளியே கொண்டுவரும். மூன்றும் போன பிறகு உலோகத்தின்மேல் மெல்லிய படலமாகத் தங்கித் துருவைத் தடுப்பது ஏ.டி.எஃப். துப்பாக்கியை நெடுநாள் சும்மா வைக்கப் போகிறவர்கள், ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லனோலின் என்ற கொழுப்பை 400 மி.லி.க்கு ஏறக்குறைய 50 கிராம் அளவில் சேர்த்துக் கரைத்தால், அந்தப் படலம் இன்னும் நன்றாகப் பிடித்து நிற்கும்.

வாங்கும்போதுதான் பலரும் தவறு செய்கிறார்கள். பெயிண்ட் கடையில் மினரல் டர்பன்டைன் என்று சொல்லிக் கேளுங்கள். 'தின்னர்' என்று கேட்டால் அரக்குப் பூச்சுக்கு ஊற்றும் வேறொரு திரவத்தைக் கொடுத்துவிடுவார்கள், அது இந்தக் கலவைக்கு உரியது அன்று. ஏ.டி.எஃப். வாகன உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். பவர் ஸ்டீயரிங்கில் ஊற்றும் சிவப்பு எண்ணெய் என்றால் நெடுஞ்சாலையோரத்து மெக்கானிக்குகளுக்கு உடனே புரியும். நகப்பூச்சு நீக்கும் திரவத்தை அசிட்டோன் என்று நினைத்து வாங்க வேண்டாம். அதில் தண்ணீரும் வாசனைப் பொருளும் கலந்திருக்கும். நியாயவிலைக் கடையில் தரும் நீல மண்ணெண்ணெய் சமையலுக்கும் விளக்குக்கும் என்று ஒதுக்கப்பட்டது, அதை வேறு வேலைக்கு எடுப்பது சட்டப்படி தவறு. வெளிச்சந்தையில் விற்கும் வெள்ளை மண்ணெண்ணெயையே வாங்குங்கள்.

கலப்பதை வீட்டுக்குள் செய்யாதீர்கள். அசிட்டோன் சுழியத்துக்குக் கீழே 20 டிகிரியிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை வெளிவிடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானதால் தரையோடு தரையாக ஊர்ந்து அடுத்த அறையின் பூசை விளக்கையோ அடுப்பையோ எட்டிவிடும். காற்றோட்டமான வாசலிலோ மொட்டை மாடி நிழலிலோ வைத்துக் கலந்து, அழுத்தமான மூடியுள்ள தகர டப்பாவிலோ தடித்த வெள்ளை எச்.டி.பி.ஈ. பிளாஸ்டிக் புட்டியிலோ ஊற்றி, மேலே பெரிய எழுத்தில் 'விஷம் – தீப்பற்றும்' என்று எழுதி ஒட்டுங்கள். பணியில் சேர்ந்த புதிதில், கையருகே இருந்த தெர்மாகோல் டீக் கோப்பையில் இந்தக் கலவையைக் கொஞ்சம் ஊற்றி வைத்தேன். ஊற்றி நிமிர்வதற்குள் கோப்பையின் அடிப்பாகம் வெல்லப்பாகுபோல இளகி அமிழ்ந்தது. கலவை முழுவதும் மேசையில் ஓடி, பக்கத்தில் கழற்றி வைத்திருந்த ஒரு பிஸ்டலின் பிளாஸ்டிக் கைப்பிடித் தகட்டை நனைத்து, வழவழப்பாக இருந்த அதன் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிவிட்டது. அந்தத் தகட்டை மாற்ற வேண்டியதாயிற்று. ஆகவே மரமோ பிளாஸ்டிக்கோ ஆன கைப்பிடித் தகடுகளைக் கழற்றித் தனியே வைத்துவிட்டுத்தான் இந்தக் கலவையைத் தொட வேண்டும். குறிமுனையில் வெள்ளைப் புள்ளி வைத்திருந்தால் அதன்மேலும் படக் கூடாது, வண்ணம் கரைந்துவிடும்.

குளிர்பான புட்டியிலும் தண்ணீர்ப் புட்டியிலும் இதை ஒருநாளும் ஊற்றி வைக்காதீர்கள். சிவப்பாக, சர்பத்துபோல இருக்கும் திரவம் இது. குழந்தை கையில் கிடைத்தால் குடித்துவிடும். மண்ணெண்ணெய் வகைத் திரவத்தைக் குடித்த குழந்தையை வாந்தியெடுக்க வைக்கவே கூடாது. வரும் வழியில் அது நுரையீரலுக்குள் இறங்கினால் குடித்ததைவிட அதுதான் ஆபத்து. நேராக மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்.

இனி, துடைக்கும் முறை. முதலில், தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் மேகசினைக் கழற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான், பிஸ்டலின் மேற்பகுதியில் முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். இந்த வரிசை மாறினால், இழுத்தபோது ஒரு தோட்டா வெளியே விழும், விட்டபோது மேகசினிலிருந்து இன்னொரு தோட்டா குழலுக்குள் ஏறிக்கொள்ளும். அதற்குப் பிறகு மேகசினைக் கழற்றிவிட்டுத் துப்பாக்கி காலி என்று நினைப்பவர் கையில் இருப்பது சுடத் தயாரான துப்பாக்கி. துடைக்கும்போது வெடித்தது என்று நாம் கேள்விப்படும் விபத்துகளில் இந்த வரிசைப் பிசகுக்குப் பெரும் பங்கு உண்டு. ஸ்லைடைத் திறந்த நிலையில் நிறுத்தி, தோட்டா அமரும் அறையைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டும் தடவிப் பாருங்கள். தோட்டாக்களை வேறொரு அறையில் வைத்துவிட்டு வந்த பிறகே துணியைக் கையில் எடுங்கள்.

துப்பாக்கியோடு வந்த கையேட்டில் சொல்லியிருக்கும் அளவுக்கு மட்டும் பிரியுங்கள். விசைப் பகுதியைக் கழற்ற வேண்டாம். கலவையில் நனைத்த துணித் துண்டைக் குழலுக்குள் ஒருமுறை ஓட்டி, பத்துப் பதினைந்து நிமிடம் ஊற விடுங்கள். பிறகு வெண்கலக் கம்பித் தூரிகையைத் தோட்டா அறைப் பக்கமிருந்து நுழைத்து வாய்ப்பக்கமாக முழுவதும் வெளியே வரும்படி தள்ளுங்கள். குழலுக்கு நடுவில் தூரிகையைத் திருப்பினால் கம்பிகள் மடங்கும். வாய்ப்பக்கமிருந்து நுழைத்தால் துடைப்புக் கம்பி குழல்வாயின் விளிம்பை நாளடைவில் தேய்க்கும், அந்த விளிம்பு கெட்டால் குறி தவறத் தொடங்கும். ரிவால்வர் வைத்திருப்பவர்களுக்கு வேறு வழியில்லை, வாய்ப்பக்கமிருந்துதான் துடைக்க வேண்டும். கம்பி விளிம்பில் உரசாமல் நிதானமாகச் செய்யட்டும். ராணுவத்தில் 'சிந்தி' என்று சொல்வோமே, அந்தப் பருத்தித் துணித் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிக்கொண்டே வாருங்கள். முதல் துணி மைபோலக் கறுத்து வரும், அடுத்தது சாம்பல் நிறத்தில், அதற்கடுத்தது கலவையின் சிவப்போடு. கரி இல்லாமல் துணி வந்ததும் காய்ந்த துணி ஒன்றை ஓட்டி நிறுத்திக்கொள்ளலாம்.

குழல் சுத்தமானதோடு வேலை முடிந்துவிடவில்லை. இந்தக் கலவை விட்டுச் செல்லும் படலம் துருவைத் தடுக்கப் போதும். ஆனால் ஸ்லைடு ஓடும் தடத்தில் உலோகமும் உலோகமும் உராயும் இடத்துக்கு அது போதாது. அந்தத் தடத்தின் இருபுறமும் ஒவ்வொரு சொட்டு, குழலின் வெளிப்புறம் ஸ்லைடோடு உரசிப் பளபளப்பான இடத்தில் ஒரு சொட்டு என்று எஞ்சின் ஆயிலோ தையல் மெஷின் எண்ணெயோ விட்டு, விரலால் பரப்பிவிட்டால் போதும். ஊசி முனை ஓடும் துளைக்குள்ளும் மேகசினுக்குள்ளும் எண்ணெய் கூடவே கூடாது. மேகசினில் தேங்கும் எண்ணெய், தோட்டாவின் அடியில் ஊசி தட்டியதும் தீப்பொறி எழுப்பும் கேப்புக்குள் கசிந்தால் அந்தத் தோட்டா வெடிக்காமற்போகலாம். தற்காப்புக்கென்று வைத்திருப்பவருக்கு அதைவிடப் பெரிய குறை இல்லை. நம்மவர்கள் எண்ணெய் போதாமல் துப்பாக்கியைக் கெடுப்பதைவிட, வழியவழிய ஊற்றிக் கெடுப்பதையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கலவையால் ஆகாத இரண்டைச் சொல்லிவிடுகிறேன். செம்பு உறையிட்ட குண்டுகள் குழலில் விட்டுப்போகும் செம்புக் கறை இதில் கரையாது, அதற்கு அம்மோனியா கலந்த தனி மருந்து உண்டு. நிக்கல் முலாம் பூசிய துப்பாக்கியில் அம்மோனியா படக் கூடாது. இரண்டாவது, பொட்டாசியம் குளோரேட் கொண்ட கேப்பு உள்ள பழைய தோட்டாக்கள் குழலில் விடும் உப்பு. அந்த உப்பு தண்ணீரில்தான் கரையும், எண்ணெயில் கரையாது. அத்தகைய தோட்டாவைச் சுட்டிருந்தால் முதலில் கொதிநீர் ஊற்றிக் குழலைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, அதற்குப் பிறகே கலவையை ஓட்ட வேண்டும்.

வேலை முடிந்ததும் கைகளைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். குழலிலிருந்து வரும் கரியில் ஈயம் இருக்கிறது. அழுக்குத் துணிகளைச் சுருட்டி மூலையில் போடாமல் வெளியே விரித்துக் காயவைத்து அப்புறப்படுத்துங்கள்.

கேள்வி: அசிட்டோன் எனக்குத் தலைவலி தருகிறது. அதை விட்டுவிட்டு மற்ற மூன்றை மட்டும் கலக்கலாமா? அல்லது அதற்குப் பதிலாகப் பெட்ரோல் சேர்க்கலாமா?
— வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: மூன்றை மட்டும் கலக்கலாம். பிசினாக ஒட்டிய படிவத்தை நீக்கும் வேகம் குறையும். ஊற விடும் நேரத்தைக் கூட்டிக்கொண்டு, தூரிகையை இன்னும் சில முறை ஓட்டினால் சரியாகிவிடும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்தே இரட்டைக்குழல் துப்பாக்கிக்குத் தேங்காய் எண்ணெய்தான் போட்டு வருகிறோம். மாமா விளக்கெண்ணெய்தான் நல்லது என்கிறார். இயற்கை எண்ணெய் உலோகத்துக்குக் கெடுதல் செய்யாதுதானே?
— வாசகர், ஓசூர்

பதில்: தங்கள் தாத்தா ஒவ்வொரு வாரமும் துடைத்துப் புதிதாகப் போட்டிருப்பார், அப்படிச் செய்பவருக்கு எந்த எண்ணெயும் ஓரளவு பயன்படும். போட்டுவிட்டு மாதக்கணக்கில் மறந்துவிடுபவர்களுக்குத்தான் தொல்லை. தாவர எண்ணெய் காற்றுப் பட்டுப் பட்டு நாளடைவில் சிக்குப் பிடித்துப் பசையாகும். சமையலறையில் எண்ணெய்த் தூக்கின் வெளிப்புறத்தை விரலால் தொட்டுப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும். அதே பசை துப்பாக்கியின் பூட்டுக்குள், அதாவது விசையும் ஊசியும் இயங்கும் பகுதிக்குள், உட்கார்ந்துகொண்டால் ஸ்பிரிங்குகள் சோம்பிப்போகும்.

தேங்காய் எண்ணெயில் இன்னொரு குறையும் உண்டு, அது தங்கள் ஊருக்கே உரியது. ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே அது உறையத் தொடங்கும். தர்மபுரியின் சித்திரை வெயிலில் தண்ணீராக ஓடும் அதே எண்ணெய், ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்திலிருக்கும் ஓசூரிலும் அதற்குத் தென்மேற்கே தளியிலும் மார்கழிக் காலையில் கட்டியாகிவிடும். சில ஆண்டுகளுக்கு முன் தளிப் பக்கத்து விவசாயி ஒருவர், விசையை அழுத்தியும் தோட்டா வெடிக்கவில்லை என்று தம் துப்பாக்கியைக் கொண்டுவந்தார். தோட்டாவின் கேப்பில் ஊசி பட்ட தடம் நகத்தால் கீறியதுபோல மேலோட்டமாக இருந்தது. பூட்டைத் திறந்தால், ஊசியைச் சுற்றிலும் வெண்ணெய் அப்பியதுபோல வெள்ளையாக உறைந்திருந்தது தேங்காய் எண்ணெய். அதற்குக் கீழே பழைய எண்ணெய் தேன் நிறத்தில் இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்ததும் அந்தத் துப்பாக்கி சரியாகிவிட்டது.

விளக்கெண்ணெய் அவ்வளவு எளிதில் உலராது என்பது உண்மைதான். ஆனால் அதன் கொழகொழப்பு மிக அதிகம், நுண்ணிய உறுப்புகளுக்கு ஏற்றது அன்று. மாட்டுவண்டி அச்சுக்கு மசகாக இருந்த எண்ணெயைத் துப்பாக்கிப் பூட்டுக்குள் விட வேண்டாம் என்று மாமாவிடம் பணிவாகச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பாவின் பழைய ரிவால்வரில் அங்கங்கே துரு. பித்தளைப் பாத்திரம்போலப் பளிச்சென்று வரட்டும் என்று புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். துருவோடு கறுப்பு நிறமும் போய், வெள்ளி வெள்ளியாகத் திட்டுகள் தெரிகின்றன. இதைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?
— வாசகி, அரூர்

பதில்: அந்தக் கறுப்பு அழுக்கு அன்று, அம்மா. எஃகின் மேற்பரப்பையே பக்குவமாக ஆக்சைடாக மாற்றி உண்டாக்கிய காப்பு அது, 'புளூயிங்' என்பார்கள். புளி, எலுமிச்சை, வினிகர் எதுவானாலும் அமிலம் அதைத் தின்றுவிடும், கூடச் சேர்த்த உப்போ புதுத் துருவுக்கு விதை போடும். உடனே வெந்நீரில் அலசி, ஈரமில்லாமல் துடைத்து, எண்ணெய் தடவி வையுங்கள். இனி மீதமுள்ள துருவுக்கு எண்ணெயை ஊறவிட்டு, மிக மெல்லிய இரும்பு நாரால் அழுத்தாமல் தேய்த்தால் போதும். போன நிறத்தை உரிமம் பெற்ற ஆயுதப் பழுதுபார்ப்புக் கடையில்தான் மீண்டும் ஏற்ற வேண்டும்.

தங்கள் கடிதத்தில் 'அப்பாவின் பழைய ரிவால்வர்' என்று இருப்பதால் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. உரிமம் பெற்றவர் காலமாகிவிட்டால், உரிமமும் அவரோடு முடிகிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி வாரிசுகள் அந்த ஆயுதத்தைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு என்ற முறையில் மாவட்ட ஆட்சியரிடம் உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். தங்கள் தந்தையார் நலமாக இருந்தால், அவர் 70 வயதை எட்டிய பிறகோ ஆயுதத்தை 25 ஆண்டுகள் வைத்திருந்த பிறகோ, அதை வாரிசுக்கு மாற்றித் தரவும் 2016ஆம் ஆண்டின் விதிகளில் வழி இருக்கிறது. தேய்க்கும் வேலையைவிட இந்தக் காகித வேலையை முதலில் முடியுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு தேர்தலின்போதும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வாங்கினால், துருவோடுதான் வருகிறது. என்ன செய்யலாம்?
— வாசகர், ஊத்தங்கரை

பதில்: 2024 மக்களவைத் தேர்தலில் நடத்தை விதிகள் மார்ச் 16 முதல் ஜூன் 6 வரை, அதாவது 80 நாட்களுக்கு மேல் நடப்பில் இருந்தன. அத்தனை நாளும் ஒரு துப்பாக்கியைத் தோல் உறைக்குள்ளேயே வைத்திருந்தால் துருப்பிடிக்கத்தான் செய்யும். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், தோலைப் பதப்படுத்திய உப்பும் அதில் இருக்கும். ஒப்படைக்கும் முந்தைய நாள் நன்றாகத் துடைத்து, முதல் பதிலில் சொன்ன லனோலின் சேர்த்த கலவையை உள்ளும் புறமும் மெல்லத் தடவுங்கள். அதற்குப் பிறகு வெறுங்கையால் உலோகத்தைத் தொடாதீர்கள். வியர்வை பட்ட இடத்தில் விரல் ரேகையின் வடிவத்திலேயே துரு எழும்பியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். எண்ணெய் ஊறிய பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் உடன் வைத்துக் கொடுங்கள். துப்பாக்கியின் எண் ரசீதில் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.

திரும்ப வாங்கியதும், சுடுவதற்கு முன், துப்பாக்கி காலி என்பதை உறுதி செய்துகொண்டு, தோட்டா அறைப் பக்கமிருந்து வெளிச்சம் காட்டிக் குழலின் உள்ளே பாருங்கள். நீண்ட நாள் கிடந்த குழலுக்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கலாம். எண்ணெய் தேங்கியிருந்தாலும் அதைத் துடைத்துவிட வேண்டும். குழல் அடைபட்டிருக்கும்போது சுட்டால் குழலே வெடித்துவிடும்.

கேள்வி: நான் கல்லூரியில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பயிற்சி செய்கிறேன். இதே கலவையால் அதையும் துடைக்கலாமா?
— மாணவி, கிருஷ்ணகிரி

பதில்: கூடாது. ஏர் பிஸ்டலில் மருந்து எரிவதில்லை, ஆகவே கரைப்பதற்குக் கரியும் இல்லை. காற்றை அடைத்து வைக்கும் ரப்பர் வளையங்களை அசிட்டோன் ஊதவைத்துக் கெடுத்துவிடும். அழுத்தப்பட்ட காற்றோடு மண்ணெண்ணெய் ஆவி சேர்ந்தால் உள்ளுக்குள்ளேயே தீப்பிடித்து வெடிக்கவும் கூடும். குழலுக்குள் கம்பளித் துண்டுக் குண்டுகளை இரண்டு மூன்று முறை விட்டுத் துடைத்தாலே போதுமானது. வளையங்களுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் சிலிகான் எண்ணெய் மட்டும். ஏர் பிஸ்டல் குண்டுகள் ஈயத்தால் ஆனவை, எனவே பயிற்சி முடிந்ததும் கைகழுவாமல் எதையும் உண்ண வேண்டாம், மகளே.

கேள்வி: பழைய வீட்டைப் பிரித்தபோது பரணில் வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி ஒன்று கிடைத்தது. முழுவதும் துரு. சுத்தம் செய்து நினைவுப் பொருளாக மாட்டி வைக்கலாமா?
— வாசகர், அஞ்செட்டி

பதில்: கையை எடுத்துவிடுங்கள். காட்டோரத்து ஊர்களில் இத்தகைய துப்பாக்கிகளைக் கெட்டித்த நிலையிலேயே பரணில் போட்டுவிடுவது வழக்கம். கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் எத்தனை ஆண்டானாலும் உயிரோடு இருக்கும். துருவை இளக்கக் கம்பியை நுழைத்துக் குத்துவதோ, அடுப்பில் காட்டிச் சூடேற்றுவதோ உயிரைப் பறித்துவிடும். உரிமமில்லாத துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பது குற்றமும் ஆகும். குழல்வாய் யாரையும் நோக்காதபடி அது இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு, பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல், கிராம நிர்வாக அலுவலருக்கும் காவல் நிலையத்துக்கும் இன்றே தகவல் சொல்லுங்கள். இத்தகைய துப்பாக்கிகளைத் தாமாக முன்வந்து ஒப்படைக்கும்படி நம் இரண்டு மாவட்டங்களிலும் காவல்துறையும் வனத்துறையும் பலமுறை கேட்டிருக்கின்றன. தாங்களாகச் சொல்வதற்கும், சோதனையில் அகப்படுவதற்கும் வேறுபாடு உண்டு. துப்பாக்கி கிடைத்த நாள், கிடைத்த இடம், உடனிருந்தவர்கள் ஆகிய விவரங்களை ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டு, தகவல் சொல்லும்போதே அதன் படியையும் கொடுத்துவிடுங்கள்.